நிழலனின் கையெழுத்து

குச்சி பல் செய்கிறவள். பல் பிடுங்குவது டாக்டர் வேலை. பிடுங்கிய இடத்தில் வைக்க வேண்டியதைச் செய்து அனுப்புவது அவள் வேலை. மின்விசிறிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் லேப். ஏழு மேஜைகள். ஒவ்வொன்றிலும் கழுத்து வளைந்த விளக்கு ஒன்று, சின்ன எரிவாயு அடுப்பு ஒன்று, நாலைந்து மெழுகுக் கத்திகள். காலையில் கிளினிக்குகளிலிருந்து அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கும். பெட்டிக்குள் யாரோ ஒருவருடைய வாயின் அச்சு, ரோஜா நிறப் பசையில் பதிந்திருக்கும். அதில் பிளாஸ்டரை ஊற்றி இறுகவிட்டால் அந்த ஆளின் வாய் அப்படியே கல்லாகக் கைக்கு வரும். கூடவே ஒரு சீட்டு: நோயாளி எண், வயது, ஆணா பெண்ணா, எந்தப் பல், என்ன நிறம். பெயர் கிடையாது. எதிரே வருகிறவர் தெருவில் சிரித்தால்தான் 'அட, இது நம்ம வேலையாச்சே' என்று அவளுக்குத் தெரியும்.

"வாயை வெச்சுத்தான் பொழப்பு. ஆனா இவ வாயைத் திறக்க மாட்டா" என்பாள் பக்கத்து மேஜை மெழுகு அக்கா. அது உண்மைதான். முப்பத்தொரு வயதில் குச்சிக்கு வீடு உண்டு, லேப் உண்டு, நடுவில் ஒரு பஸ் உண்டு. அம்மாவும் அப்பாவும் கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து அலுத்துப்போய், கடைசியில் அதை விட்டே விட்டார்கள்.

குச்சி என்ற பெயர் பஸ்ஸில் வந்தது. பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படித்தபோது, கம்பியைப் பிடிக்காமல் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து ஒரு குரல் சொன்னது: "ஏய், ஒட்டடைக்குச்சி! நின்னது நின்ன, அப்படியே கூரையில இருக்கிற ஒட்டடையையும் அடிச்சு விடேன்." பஸ்ஸே சிரித்தது. சொன்னவள் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தாள். சிரிக்கும்போது மேல் உதட்டின் இடது பக்கம் ஒரு தெத்துப்பல் எட்டிப் பார்த்தது. குச்சியும் சும்மா விடவில்லை. "உன் பல்லு என்ன, வெளிய வந்து காத்து வாங்குதா?" என்றாள். அன்றைக்கு ஒருத்தி குச்சி ஆனாள், ஒருத்தி தெத்து ஆனாள். குச்சி பல் தொழில்நுட்பம் படித்தாள், தெத்து செயலர் பயிற்சி. வகுப்புகள் வேறு, பஸ் ஒன்று.

இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். ரத்தம் குடிக்கிற அழகான பையன் ஒருவன், அவனை நெருங்கக் கூடாத பெண் ஒருத்தி, இருவரும் சேர்ந்து உருகி உருகிச் செத்துப் பிழைக்கிற கதைகள். வாடகை நூலகத்தில் அந்த வகையில் இருந்த அத்தனையையும் ஒரே வருஷத்தில் முடித்துவிட்டார்கள். முடித்த பிறகு தெத்து சொன்னாள், "இதுக்கெல்லாம் நாம எழுதினா தேவலாம்டி."

ஆரம்பத்திலேயே சிக்கல். அவனுக்கு என்ன பெயர் வைப்பது?

"ரத்தக்காட்டேரின்னு எழுதினா யாருடி காதலிப்பா?" என்றாள் தெத்து. "காட்டேரின்னாலே எனக்கு எங்க அம்மா சோறு ஊட்டும்போது பயமுறுத்தினதுதான் ஞாபகம் வருது. அதைப் போய் எப்படி முத்தம் குடுக்க வைக்கிறது?"

"நிழலன்னு வைப்போம்."

"அவனுக்குத்தான் நிழலே விழாதே."

"எங்க வீட்டு நாய்க்கு டைகர்னு பேரு. போய்க் கேளு, அது என்ன சொல்லுதுன்னு."

அப்படியாக நிழலன் பிறந்தான். ரத்த வங்கியில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். காலாவதியான ரத்தப் பைகளைக் குப்பைக்குப் போகும் முன் எடுத்துக் குடித்து, யாரையும் கடிக்காமல் நாணயமாக வாழ்கிறவன். எதிர்க் கட்டிடத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு தேவதை வருகிறாள். சாகப்போகிறவர்களின் கடைசி மூச்சை எடுத்துக்கொண்டு போவது அவள் உத்தியோகம். அவனைத் தொட்டால் தொட்ட கணக்குக்கு அவள் சிறகிலிருந்து ஓர் இறகு உதிரும். கடைசி இறகும் உதிர்ந்தால் அவள் மனுஷி. மனுஷி ஆகிவிட்டால் அவளுடைய ரத்த வாசனை அவனைச் சும்மா இருக்க விடாது. நாவலின் பெயர் 'கழுத்தோரம் ஒரு வானம்'. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு, மேலே காக்கி உறை, உறையின் மீது 'இலக்கணம்' என்று ஒரு லேபிள்.

தேவதை அத்தியாயங்களைத் தெத்து எழுதினாள், நிழலன் அத்தியாயங்களைக் குச்சி. வெள்ளிக்கிழமை தோறும் பஸ்ஸில் நோட்டு கை மாறும். குச்சியின் எழுத்து இயல்பில் குண்டு குண்டாக, நெல்லிக்காயைக் கொட்டியது போல இருக்கும். நிழலனுக்கு அது சரிப்படவில்லை. அதனால் அவனுக்கென்று ஒரு கையெழுத்தைப் பழகினாள். வலப்பக்கம் சாய்ந்த, கொம்புகளை நீட்டி இழுத்த எழுத்து. "ஆம்பள எழுத்து மாதிரியே இருக்குடி" என்று தெத்து பூரித்துப்போனாள். தெத்துவின் வகுப்பில் எட்டுப் பெண்கள் அந்த நோட்டுக்குத் தவம் கிடந்தார்கள். ஏழாம் அத்தியாயத்தில் நிழலன் மூன்று நாள் பசியோடு தேவதையின் கைக்குட்டையை மட்டும் முகர்ந்துகொண்டு கிடந்தபோது ஒருத்தி உண்மையாகவே அழுதாள்.

இரண்டாம் வருஷம் குச்சியின் வகுப்பில் அச்சு எடுக்கும் பயிற்சி. ஆளுக்கொரு வாயைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். தெத்து வந்தாள். பசையை ஏந்திய கிண்ணி வாய்க்குள் போனதும் அவளுக்குக் குமட்டலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எச்சில் குச்சியின் முழங்கை வரை வழிந்தது. "ம்ம்ம்" என்று அவள் எதையோ சொல்ல, "பேசாதே, மூக்கால மூச்சு விடு, என் கண்ணைப் பாரு" என்றாள் குச்சி. மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷமும் தெத்து சொன்னபடியே கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மூன்று நிமிஷம் முடிந்த பிறகும் குச்சி கிண்ணியை எடுக்க மறந்து நின்றாள்.

அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தபோது ஓர் அதிசயம். பற்களுக்குப் பின்னால், மேலண்ணத்தில் எல்லாருக்கும் சில வரிகள் இருக்கும். கைரேகை போல ஆளுக்கு ஆள் மாறும் என்று பாடத்தில் உண்டு. தெத்துவுக்கு நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் மும்மூன்று வரிகள் வளைந்து விரிந்து, அச்சு அசல் இரண்டு சிறகுகள். இடது சிறகின் கடைசி வரி மட்டும் பாதியில் முறிந்து கீழே திரும்பியிருந்தது.

"பார்த்தியா, தேவதை நான்தான்னு உள்ளேயே எழுதியிருக்கு" என்றாள் தெத்து. பிறகு ஓரங்களில் மெழுகை ஒட்டிக் கோரைப்பற்களை நீட்டி, அந்தக் கல் வாயால் குச்சியின் கழுத்தைக் கடிக்க வந்தாள். இருவரும் பயிற்சிக்கூடத்தை இரண்டு சுற்று ஓடி, வாத்தியாரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் ஒருநாள், பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது தெத்து சொன்னாள்: "நிழலன் அவளைப் பார்க்கிற மாதிரி என்னை ஒருத்தரும் பார்க்கப்போறதில்லடி. எங்கிருந்துடி இதெல்லாம் எழுதுற?"

"புக்கு படிச்சுத்தான்" என்றாள் குச்சி. அந்த வாரம் நோட்டில் நிழலனின் அத்தியாயம் முடிந்த பிறகு ஒரு பக்கத்தைக் கூடுதலாக எழுதினாள். பழகிய கை அதே சாய்ந்த எழுத்தில்தான் ஓடியது. 'இது கதை இல்லை. இதை எழுதுவது அவன் இல்லை, நான். ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடிப்பதில்லை, பஸ் இல்லாததால். நீ யாரையாவது கட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று நினைத்தால் சாப்பாடு தொண்டையில் இறங்குவதில்லை. படித்துவிட்டு உனக்குப் பிடிக்காவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு, எதுவும் சொல்லாதே, நான் புரிந்துகொள்வேன்.' வெள்ளிக்கிழமை நோட்டைக் கொடுத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் இறங்கி ஓடினாள்.

அடுத்த வாரம் முழுக்கத் தெத்து பஸ்ஸில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய அண்ணன் வந்தான். பார்சல் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அமைதியான ஆள், செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரம் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். கையில் காக்கி உறை போட்ட நோட்டு. அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"கோவிச்சுக்காதம்மா" என்றான் அவன். "இதுல பாதி என் தங்கச்சி எழுத்து. மீதி எவனோ எழுதியிருக்கான். கேட்டா, நானும் குச்சியும் சேர்ந்து எழுதின கதைன்னு சாதிக்கிறா. உன் எழுத்துன்னா சொல்லிடு. கதைதானே, நாங்க விட்டுடறோம். வீட்டுல அவளை அடிச்சுட்டாங்கம்மா. அதான் நானே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நோட்டைப் பிரித்து நீட்டினான். அவன் பிரித்தது அந்தப் பக்கத்தை. 'இது கதை இல்லை' என்று தொடங்கும் பக்கம். அப்பா எட்டிப் பார்க்க எழுந்தார்.

குச்சிக்கு அந்த நேரத்தில் தெத்து நினைவுக்கு வரவில்லை. அதுதான் பிற்பாடு அவளை அரித்துத் தின்றது. நினைவுக்கு வந்ததெல்லாம் அப்பாவின் கண்ணாடியும், அவர் அதைப் போட்டுக்கொண்டு அந்த வரிகளைப் படிக்கப்போகிறார் என்பதும்தான்.

"என் எழுத்து இல்ல" என்றாள்.

"நல்லாப் பாரும்மா."

"என் எழுத்து குண்டா இருக்கும். வேணும்னா பாருங்க." உள்ளே போய்த் தன் வகுப்பு நோட்டைக் கொண்டுவந்து அவளே காட்டினாள். யாரும் கேட்காமலே.

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். "சரிம்மா" என்று நோட்டை மூடிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

தெத்து அதன்பின் பாலிடெக்னிக் பக்கமே வரவில்லை. இரண்டு மாதத்துக்குள் கல்யாணம் நடந்துவிட்டது என்று அவள் வகுப்புப் பெண்கள் சொன்னார்கள். எவனோ ஒரு பையன் விவகாரமாம், பேரைச் சொல்லவே மாட்டேன் என்றாளாம், அதனால் அவசர அவசரமாக முடித்துவிட்டார்களாம். மாப்பிள்ளை சரக்கு லாரிக் கம்பெனியில் மேற்பார்வையாளர். "நிழலன் நிஜமாவே இருந்திருக்கான் பாரேன்" என்று கண் அகல வியந்தாள், ஏழாம் அத்தியாயத்துக்கு அழுதவள். குச்சி படிப்பை முடித்தாள், லேபில் சேர்ந்தாள். கதை எழுதுவதையும் படிப்பதையும் விட்டாள்.

லேபில் சேர்ந்து எட்டு வருஷம் கழித்து ஒரு பெட்டி வந்தது. சீட்டில், 'பெண், 28. மேல் இடது கோரைப்பல் ஒன்று. கீழே விழுந்ததில் உடைந்தது.' குச்சி பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் அச்சை உரித்தாள். உரித்த கை அப்படியே நின்றது. மேலண்ணத்தில் இரண்டு சிறகுகள். இடது சிறகின் கடைசி வரி பாதியில் முறிந்து கீழே திரும்பியிருந்தது.

எழுந்து போய்க் கைகழுவும் தொட்டியில் முகத்தை நனைத்துக்கொண்டு வந்தாள். மெழுகு அக்கா "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா, பசி" என்றாள்.

அந்தப் பல்லை அவள் மூன்று நாள் செய்தாள். ஒரு நாள் வேலை அது. பழையபடியே கொஞ்சம் முன்னால் தள்ளி, லேசாகத் திருப்பி, தெத்துப்பல்லாகவே வைத்து அனுப்பினாள். நாலாம் நாள் அது திரும்பி வந்தது. சீட்டின் மேல் புதுக் குறிப்பு: 'வரிசையாக வைக்கவும். கோணலாக இருப்பதாக நோயாளியின் கணவர் சொல்கிறார்.' குச்சி வரிசையாக வைத்து அனுப்பினாள். கீழே விழுந்தால் எல்லாருக்கும் பல் உடையும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முன்பற்கள் நான்கும் அப்படியே இருக்க, பக்கவாட்டில் ஒன்று மட்டும் உடைவது எப்படி என்று அவள் தொழில் கேட்ட கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வருஷம் போனது. மறுபடி ஒரு பெட்டி, அதே கிளினிக், அதே எண். 'பெண், 31. மேல் முன்பற்கள் நான்கு, முன்பு வைத்த இடது கோரைப்பல். குளியலறையில் வழுக்கி விழுந்தது.' கல் வாயைத் திருப்பிப் பார்த்தாள். சிறகுகள் இருந்தன. அவற்றுக்கு முன்னால் வெற்று ஈறு.

இந்த முறை முதலாளியிடம் போய், "நிறம் சரியா வராது போல இருக்கு சார். நானே நேர்ல போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றாள். பத்து வருஷத்துக்கு மேல் எதுவுமே கேட்காதவள் கேட்டதால் அவர் மறுக்கவில்லை.

கிளினிக்கின் காத்திருப்பு அறையில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று பள்ளிப்பையோடு உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் உதட்டின் இடது பக்கம் ஒரு பல் எட்டிப் பார்த்தது. பல் நிறத்தை வெயில் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதால் டாக்டரம்மா நோயாளியை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். பல நிறத்தில் மாதிரிப் பற்கள் கோத்த நிறச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குச்சி எதிரே போய் நின்றாள்.

தெத்து இளைத்திருந்தாள். வாயைக் கையால் மூடியிருந்தாள். மெல்ல நிமிர்ந்து, இன்னும் நிமிர்ந்து, உயரத்தை அளப்பது போலப் பார்த்தாள்.

"குச்சி" என்றாள் கைக்குள்ளேயே.

"ம்."

"நீதானா பல்லு செய்யறது?"

"ஆமா. போன தடவையும் நான்தான். உன் மேலண்ணத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சது."

தெத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே ஒருவன் பைக்கில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தான். "அவர் கீழ இருக்கார். சீக்கிரம் பாத்துட்டு விடு."

"எப்படி விழுந்த?"

"சீட்டுல எழுதியிருக்குமே."

"தெத்து..."

"அப்படிக் கூப்பிடாத. பாப்பா கேட்டா யாருன்னு கேக்கும்."

குச்சி நிறச் சட்டத்தை அவள் கீழ்ப்பற்களோடு ஒட்டிப் பிடித்தாள். பன்னிரண்டு வருஷமாக உள்ளுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம் வாய்க்கு வரும்போது குழறியது. "அன்னிக்கு உங்க அண்ணன் வந்தப்போ... நான் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"தெரியும். வந்து சொன்னான்."

"பயந்துட்டேன்டி. எங்க அப்பா நின்னாரு. அந்தப் பக்கத்தைத் தொறந்து வெச்சிருந்தான்."

"ம். உன் வகுப்பு நோட்டெல்லாம் காட்டினியாமே." அவள் குரலில் கோபம் இல்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "அதுவரைக்கும் அம்மா பாதி நம்பிட்டுதான் இருந்தாங்க."

"அந்தப் பக்கத்தை நீ படிச்சியா?"

"நாலஞ்சு தடவை படிச்சேன். பதிலும் எழுதிட்டேன். பின்பக்கத்துல. பக்கத்தைத் திருப்பியிருந்தா நீ பார்த்திருப்ப."

"என்ன எழுதின?"

தெத்து கையைக் கொஞ்சம் எடுத்தாள். வீங்கிய உதடு. "மறந்து போச்சுடி. அந்த நோட்டை அம்மா அன்னிக்கே அடுப்புல வெச்சுட்டாங்க."

கீழே பைக்கில் இருந்தவன் போனை வைத்துவிட்டு மேலே பார்த்தான். குச்சி அவசரமாகச் சொன்னாள். "என்கூட வந்துடு. பாப்பாவையும் கூட்டிட்டு வா. நான் சம்பாதிக்கிறேன், ரூம் எடுக்கறேன். இப்பவே வேணும்னாலும்..."

"எந்த உறவுன்னு சொல்லிட்டு வரது?" என்று கேட்டாள் தெத்து. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் கேட்டாள். குச்சி நிறச் சட்டத்தில் மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தெத்துவே பேச்சை மாற்றினாள். "இந்தப் பல்லு, ஒட்டறதா? கழட்டி மாட்டறதா?"

"கழட்டி மாட்டறது. அஞ்சு பல்லு ஒண்ணா போயிருக்கு, ஈறு ஆறணும், அதனால..."

"அப்ப நல்லதாப் போச்சு. அவர் முகம் மாறும்போதே தெரியும். சட்டுனு கழட்டி வெச்சுக்கலாம். உடையாதுல்ல?"

டாக்டரம்மா திரும்பி வந்தாள். "நிறம் கிடைச்சுதா?" என்றாள்.

"கிடைச்சுது மேடம்" என்றாள் குச்சி.

அந்தப் பல்செட்டைப் போல ஒரு வேலையை அவள் வாழ்நாளில் செய்ததில்லை என்று மெழுகு அக்கா பிறகு எல்லாரிடமும் சொன்னாள். ஒரு கையால், ஒரே இழுப்பில் கழற்றுகிற மாதிரி குச்சி கொக்கிகளை வைத்தாள். எடுப்பதற்கு வசதியாக உள்பக்கம் கட்டைவிரல் நகத்துக்கு ஒரு சின்னப் பள்ளம் வைத்தாள். அதை மெருகு போட்டுக்கொண்டிருக்கும்போது, தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. அடி விழப்போகும் முகத்துக்கு வசதி செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்து அழுதாள்.

பல்செட் போய்ச் சேர்ந்த மறுவாரம், பெண்களுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். கிளினிக் உதவியாளரிடம் கெஞ்சி வாங்கிய முகவரியைக் கொடுத்தாள். இரண்டு பெண் அதிகாரிகள் நேரில் போனார்கள். கணவன் நாற்காலி எடுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மரியாதையாகப் பேசினானாம். தெத்து, "நான் வழுக்கி விழுந்தேன்" என்றாளாம். குழந்தையிடம் கேட்டார்களாம். குழந்தையும் "அம்மா வழுக்கி விழுந்தாங்க" என்றதாம். எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து லேபின் போன் அடித்தது. உனக்குத்தான் என்று முதலாளி நீட்டினார்.

"நீயா சொன்னது?" சொற்கள் காற்றோடு கலந்து குழறின. வாயில் பல் இல்லாத பேச்சு. அது குச்சிக்குச் சட்டென்று புரிந்தது.

"ஆமா."

"அவங்க போனப்புறம் என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெத்து, நான் உனக்கு நல்லது..."

"ஆமான்னு சொல்ல வேண்டிய அன்னிக்கு இல்லைன்னு சொன்ன. வாயை மூடிட்டு இருக்க வேண்டிய அன்னிக்குப் பேசியிருக்க. இனிமே எனக்காக எதுவும் செய்யாத. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்." போன் வைக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் குச்சி வீட்டுக்குப் போனபோது அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பையைக்கூட இறக்காமல் குச்சி சொன்னாள்: "அம்மா, ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் ஒரு நோட்டு கொண்டுவந்தாரே. அது என் எழுத்துதான்."

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"உனக்கு எழுதக் கத்துக்கொடுத்ததே நான். சாய்ச்சு எழுதினா தெரியாமப் போயிடுமா?"

"அப்ப ஏம்மா எதுவும் சொல்லலை?"

"நீ இல்லைன்ன. உனக்கு வேண்டாம்னா எனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் நறுக்கினாள். "அந்தப் பொண்ணு நல்லா இருக்காளா?"

குச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தெத்துவைத் தவிர உலகத்தில் இரண்டு பேருக்கு உண்மை தெரிந்திருந்தது. அந்த இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே அறையில் நின்றிருந்தார்கள். ஒரு வார்த்தை. கதைதானே, விட்டுடறோம் என்று சொன்ன மனுஷனிடம், ஆமாம் கதைதான் என்று ஒரே ஒரு வார்த்தை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்த முகவரிக்குப் போனாள். மூன்று மாடிக் குடியிருப்பு, நடுமாடி. என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. காலில் விழுவது, அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சாமானும் இல்லை. இரண்டு பேர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டுப் பெண்மணி துவைத்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். "அவங்க காலி பண்ணிட்டாங்கம்மா. நேத்து மத்தியானமே லாரி வந்துச்சு. வேலையில அவருக்கு வேற ஊரு கேட்டு வாங்கிட்டாராம்."

"எந்த ஊருன்னு சொன்னாங்களா?"

"சொல்லலை. நானும் கேட்டேன். அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுட்டே போயிடுச்சு, பாவம். பாப்பாவோட ஸ்கூல்லகூடச் சொல்லலை போல, டீச்சர் காலையில போன் பண்ணினாங்க." குச்சியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு? சொந்தமா?"

"தோழி" என்றாள் குச்சி. சத்தமாகவே சொன்னாள். சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெண்மணியின் முகத்தில் குழப்பம் வந்தது. "அப்படியா? ஒருநாள் நானே கேட்டேன்மா. இப்படி உள்ளேயே கிடக்கியே, பேச்சுத் துணைக்குத் தோழிங்க யாரும் இல்லையான்னு. அப்படி யாரும் இல்லைன்னு சொல்லிச்சே."

குச்சி தலையசைத்தாள். பெண்மணி இரக்கப்பட்டு, "வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க" என்று உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குச்சி நின்றபடியே அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் பாதி தொண்டையிலும் பாதி ரவிக்கையிலுமாக இறங்கியது. சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே வந்தாள்.